சொல்லாமல் வருவதற்குச் சந்தா

அத்தியாயம் 9

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது. கூட்டவில்லை, குறைக்கவில்லை. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்து, பார்த்த எண்ணை அப்படியே எழுதியவன் நான். எட்டை ஆறாக்கிப் பழக்கமில்லை. காலஞ்சென்ற என் மனைவியின் மேல் ஆணை. அவள் இருந்திருந்தால் இதில் பாதியை நம்பியிருக்க மாட்டாள் என்பது வேறு விஷயம்.

போன வாரம் விட்ட இடம் நினைவிருக்கும். நல்ல பாங்க் வேலையை உதறிவிட்டு வியாபாரப் படிப்புக்காகக் கடல் கடந்தாள் என் மகள். வாலைப் போல நானும் கூடவே போனேன். அங்கே அவளுடைய வகுப்புத் தோழன் ஒருவனின் கம்பெனி மூடிப்போனது. அதற்கு அவன் கேக் வெட்டினான். அந்த ஊரில் தொழில் விழுந்தால் பலூன் கட்டிக் கை தட்டுவார்கள். விழுந்தவன் மேடையேறி, விழுந்த கதையைச் சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டும்.

எனக்கு அதெல்லாம் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு ஏதோ போய்விட்டது என்று மட்டும் புரிந்தது. சத்தம் போடாமல் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து துக்கம் விசாரித்தேன்.

"எப்படிப்பா ஆச்சு? நல்லாத்தானே இருந்துச்சு? கடைசி நேரத்துல யாரு கூட இருந்தா?"

கேக்கும் கையுமாக அவன் தேம்பத் தொடங்கினான். கை தட்டியவர்கள் நிறுத்தினார்கள். பிறகு என் முன்னால் வரிசையில் நின்று ஒவ்வொருவராக அழுதார்கள். அந்த ஊரில் வரிசையில் நிற்காமல் எதுவும் செய்ய மாட்டார்கள். என் மகள் மட்டும் அழவில்லை. நோட்டை எடுத்து, 'தேவை இருக்கிறது' என்று எழுதிக்கொண்டாள்.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் கம்பெனி.

என்ன கம்பெனி என்று கேட்பவர்களுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன். அந்த ஊரில் யாரும் யார் வீட்டுக்கும் சொல்லாமல் போவதில்லை. ஒரு காபி குடிக்க மூன்று வாரம் முன்னால் நாள் குறிப்பார்கள். நாம் கல்யாணத்துக்கு நாள் குறிப்பதில்கூட அவ்வளவு சிரத்தை கிடையாது. எங்கள் கம்பெனியின் சேவை, சொல்லாமல் வருவது. மாதச் சந்தா கட்டினால் இரண்டு முறை வருவோம். எப்போது என்று சொல்ல மாட்டோம். வீட்டை ஒதுங்க வைக்கக் கூடாது. போனைக் குப்புறப் போட வேண்டும். வந்தவர் ஒரு மணி நேரம் இருப்பார், எதை வேண்டுமானாலும் கேட்பார்.

வந்தவர் என்பது நான். கம்பெனியின் மொத்தச் சரக்கும் நான்தான்.

முதல் மாதம் ஒரு சிறு சங்கடம் இருந்தது. அந்த ஊர் அழைப்பு மணிகள் எதுவும் வேலை செய்யவில்லை. யாரும் அழுத்தாமல் பொத்தான்கள் இறுகிக் கிடந்தன. ஒன்றில் சிலந்தி ஒன்று பேரன் பேத்தி எடுத்துக் குடியிருந்தது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, அப்புறம் அழுத்துவேன்.

பாஷை ஒரு பிரச்சினையே இல்லை. எனக்கு அவர்கள் பாஷை தெரியாது, அவர்களுக்கு என் பாஷை தெரியாது. அதனால் ஒரு சண்டைகூட வந்ததில்லை. அவர்கள் சொன்னதை எல்லாம் இங்கே நம் பேச்சில் போடுகிறேன், அவ்வளவுதான்.

இனி அந்த வியாழக்கிழமை.

காலையில் என் மகள் கண்ணாடி முன்னால் நின்று தன் கம்பெனியைத் தொண்ணூறு வினாடியில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தாள். அங்கே எந்த வியாபாரத்தையும் தொண்ணூறு வினாடியில் சொல்லிவிட வேண்டும். தொண்ணூற்றொன்றாவது வினாடியில் கேட்பவர் கண் கதவுப் பக்கம் போய்விடும்.

"அப்பா, இன்னிக்கு அஞ்சு மணி. மறந்துடாதீங்க."

"எதை மறக்கறது? ராத்திரி முழுக்க நீ தூக்கத்துல அதைத்தானே சொன்னே."

விஷயம் இதுதான். படிப்பு முடியப் போகிறது. புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கல்லூரியில் ஒரு பெரிய கூடம் உண்டு. அதில் ஒரு மேஜை கிடைத்தால் இன்னும் இரண்டு வருடம் அந்த ஊரில் தங்க அனுமதி கிடைக்கும். கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் மூட்டையைக் கட்ட வேண்டும். 'ஆறே மாசத்துல திரும்பி வந்து நிப்பா' என்று சொல்லியனுப்பிய சொந்தங்கள் வாசலிலேயே காத்திருந்தார்கள். மேஜைக்கு ஒரே நிபந்தனை, ஒரு வாடிக்கையாளராவது தேர்வுக் குழு முன்னால் நேரில் வந்து ஒரு வருடச் சந்தாவுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது. பெற்றவள் வாங்கினால் அது விற்பனை இல்லை, பாசம் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டார்களாம்.

"பல் டாக்டரம்மா போடுவாங்களே?" என்றேன்.

"வேணாம்னு எழுதிட்டாங்க. இப்போ அவங்க பியானோ சுருதி சேர்க்கறவர் வீட்டுக்குப் போயிட்டு வர்றாங்களாம். சொல்லாமலே."

"அவரைப் பத்தி அவங்ககிட்ட நான்தானே சொன்னேன்."

"நீங்கதாம்பா. பதினாறு பேரையும் ஒருத்தருக்கொருத்தர் கோத்து விட்டுட்டீங்க. இப்போ நாம எதுக்கு அவங்களுக்கு?"

வியாபாரம் அவ்வளவு நன்றாக நடந்ததால் படுத்துவிட்டது. இப்படி ஒரு நஷ்டத்துக்கு அவர்கள் பாடப் புத்தகத்திலேயே பெயர் இல்லை.

"நேத்து புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு. பதினேழாம் நம்பர். அவர்தான் கடைசி. இன்னிக்கு மூணு மணிக்குப் போங்க. பாத்துப் பேசுங்கப்பா. யாரையும் யாருக்கும் அறிமுகம் பண்ணி வைக்காதீங்க."

மேஜைமேல் பேராசிரியை திருத்திக் கொடுத்த தாள் கிடந்தது. ஓரத்தில் சிவப்பில், 'அப்பா பஸ்ஸில் அடிபட்டால்?' என்று எழுதியிருந்தது.

"என்னம்மா இது?"

"அது எல்லாருக்கும் கேக்கற கேள்விப்பா. முக்கியமான ஆள் திடீர்னு இல்லாம போனா கம்பெனி ஓடுமான்னு பாப்பாங்க."

"ஓடுமா?"

அவள் குனிந்து இன்னொரு காலுறையைத் தேடினாள்.

"ஓடும்னுதான் சொல்லணும்."

கதவு சாத்திக்கொண்டது. அவளுடைய நாட்காட்டியில் ஞாயிறு பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை பச்சைக் கட்டம் ஒன்று உண்டு. அதில் 'அப்பா' என்று போட்டிருக்கும். இரண்டு வாரமாக அந்தக் கட்டம் நகர்ந்து நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. இப்போது எந்த மாதத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரே அறையில்தான் இருந்தோம்.

மத்தியானம் அந்தக் கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு மேஜையிலும் ஒரு கம்பெனி இருந்தது. ஒவ்வொரு கம்பெனியிலும் ஒரே ஒரு ஆள் இருந்தார். யாரைக் கேட்டாலும் "எங்க டீம்" என்றுதான் தொடங்குவார்கள். ஒரு மணிக்கு டீம் முழுவதும் தன் டப்பாவைத் திறந்து, சுவரைப் பார்த்தபடி சாப்பிட்டது.

இந்த இடத்தில் என் மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் ஒரே தம்பி. பதினான்கு வருடமாக அந்த ஊரில்தான் இருக்கிறான். லிஃப்ட் பரிசோதகர். நாங்கள் போன பதினோரு மாதத்தில் மூன்று முறை சந்தித்தோம். மூன்றும் ஸ்டேஷன் காபிக் கடையில், நாலு பத்திலிருந்து நாலு நாற்பது வரை, அவன் குறித்த நேரத்தில். வீட்டுக்கு வாங்க என்று அவன் சொல்லவில்லை. வீடு எங்கே என்று நாங்களும் கேட்கவில்லை. அக்கா இறந்தபோது அவன் வரவில்லை. அந்தப் பேச்சு எங்கள் நடுவில் மூன்றாவது காபியைப் போல ஆறிக்கொண்டே இருந்தது.

பதினேழாம் நம்பர் வீடு எங்கள் அறையிலிருந்து மூன்று ஸ்டாப் தள்ளி, ஐந்தாவது மாடியில் இருந்தது. பெயர் தெரியாது. எங்கள் படிவத்தில் பெயர் கேட்பதில்லை. அந்த ஊரில் அது அநாகரிகம். அந்தக் கட்டடத்து லிஃப்ட் கிளம்பியதும் தெரியவில்லை, நின்றதும் தெரியவில்லை. இன்னும் தரையில்தான் இருக்கிறேன் என்று நினைத்து இரண்டு முறை பொத்தானை அழுத்தினேன்.

மணிக்கு எண்ணெய் விட்டேன். ஐந்து நிமிடம் கழித்து அழுத்தினேன்.

கதவைத் திறந்தது என் மச்சினன். முழங்கையில் ஓட்டை விழுந்த ஸ்வெட்டர், கையில் கரண்டி.

"அத்தான்," என்றான்.

"பதினேழு நீயாடா?"

"உள்ள வாங்க."

வீட்டில் ஒரு நாற்காலி இருந்தது. இரண்டாவது நாற்காலி வாங்க வேண்டிய அவசியம் பதினான்கு வருடத்தில் வரவில்லை போலும். என்னை அதில் உட்கார வைத்துவிட்டு, பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தான். விதிப்படி போனை எடுத்துக் குப்புற வைத்தான்.

"ஏம்பா, நான்தான் வருவேன்னு தெரியுமா உனக்கு?"

"விளம்பரத்துல, 'வருபவர் அதிகம் பேசுவார், பொறுத்துக்கொள்ளவும்'னு போட்டிருந்துச்சு. வேற யாரா இருக்கும்?"

"அப்புறம் எதுக்கு சந்தா கட்டினே? ஒரு போன் போட்டா வந்திருக்க மாட்டேனா?"

"போன் போட்டா எதுக்குன்னு கேப்பீங்க."

"கேப்பேன்."

"எதுக்குன்னு எனக்குச் சொல்லத் தெரியல அத்தான். இதுல அந்தக் கேள்வி கிடையாது. ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன்."

எனக்கும் அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. ஆனால் கேட்பதுதான் என் வேலை. கட்டணம் வாங்கியாகிவிட்டது.

"ஏன் இளைச்சே?"

"தனியா சாப்பிட்டா சீக்கிரம் முடிஞ்சுடுது."

"பகல்ல யாருகூடப் பேசுவே?"

"லிஃப்ட்டுக்குள்ள ஒரு குரல் இருக்குமே, 'கதவு மூடுகிறது'ன்னு. அதைச் சரியா சொல்லுதான்னு கேக்கறதுதான் என் வேலை. பதினாலு வருஷமா ஊரையே மேல ஏத்தி இறக்கறேன். என் மாடிக்கு ஒருத்தரும் வந்ததில்ல."

பெருமையும் இல்லை, புகாரும் இல்லை. மீட்டரில் இருப்பதை வாசிப்பது போல வாசித்தான். சிறிது நேரம் கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அக்கா போனதுக்கு நான் வரல. ஏன்னு நீங்க ஒரு வார்த்தை கேக்கல."

"இப்போ கேக்கறேன். ஏன் வரல?"

"டிக்கெட் போட்டேன். பெட்டி கட்டினேன். கீழ இறங்கறதுக்கு லிஃப்ட்ல ஏறினேன். அப்படியே நின்னுட்டேன் அத்தான். அங்க வந்து இறங்கினா அக்கா இல்லைங்கறது நிஜமாயிடும். இங்க இருந்தா, எப்பவும் போல போன் பண்ணாத அக்காதானே."

நான் பதில் யோசிப்பதற்குள் என் போன் அடித்தது. குப்புறப் போடும் விதி வாடிக்கையாளருக்குத்தான். வந்து இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது.

"அப்பா, பதினேழு எப்படி? கையெழுத்துப் போடுவாரா?" மகளின் குரல் மேலும் கீழுமாகப் போனது. "நேரத்தை முன்னால தள்ளிட்டாங்க. இப்பவே கூட்டிட்டு வரணும்."

நான் மச்சினனைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான்.

"வருவாரும்மா."

"எப்படிப்பட்ட ஆளு?"

"நல்ல ஆளு. கொஞ்சம் கூச்சம்."

கேட்டதற்குப் பதில் சொன்னேன். யார் என்று அவள் கேட்கவில்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். சொந்தக்காரர் கையெழுத்து செல்லாது என்ற விஷயத்தை அப்போதுதான் அவனிடம் சொன்னேன்.

"படிவத்துல கேப்பாங்களா?"

"உறவு உண்டா, ஆம், இல்லைன்னு ரெண்டு கட்டம் இருக்கும்."

"இல்லைல டிக் போட்டாப் போச்சு. பிள்ளைக்கு ஒரு மேஜை கிடைக்கும்னா ஒரு டிக்குதானே அத்தான்."

"போடு," என்றேன். நியாயவான் யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

தேர்வுக் குழுவில் இரண்டு பேர். ஒருவர் சிவப்புப் பேனா பேராசிரியை. மற்றவர் முதலீட்டாளர், காலுறை இல்லாமல் விலை உயர்ந்த செருப்பு போட்டிருந்தார். என் மகள் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். தொண்ணூறு வினாடி முடிந்து, பஸ் கேள்வியும் முடிந்து, முகம் வெளுத்திருந்தது.

நாங்கள் உள்ளே போனோம். அவள் மாமனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"இவர்தான் வாடிக்கையாளரா?" என்றார் பேராசிரியை.

"ஆமா," என்றான் மச்சினன். "ஒரு வருஷத்துக்குப் போடறேன். ரெண்டு வருஷத்துக்கு இருந்தாலும் சரி."

படிவத்தைத் தள்ளினார்கள். அவன் நிதானமாக வாசித்தான். லிஃப்ட் சான்றிதழில் போடுவது போல, தயங்காமல், 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டான். கீழே கையெழுத்து. தேதி.

பேராசிரியை முத்திரையை எடுத்தார்.

"இவர் எங்க மாமா," என்றாள் என் மகள். "எங்க அம்மாவோட சொந்தத் தம்பி."

முத்திரை அந்தரத்தில் நின்றது.

"தெரிஞ்சுதான் வரவழைச்சியா?"

"இல்ல மேடம். உள்ள வந்தப்புறம்தான் தெரியும்."

"இன்னும் ஒரு நிமிஷம் நீ சும்மா இருந்திருந்தா மேஜை உனக்கு."

"தெரியும்."

"அப்புறம் ஏன் சொன்னே?"

என் மகள் படிவத்தைக் காட்டினாள்.

"அந்தக் கட்டத்துல அவர் டிக் போட்டதைப் பாத்தேன். ரொம்ப சுலபமா போட்டாரு. எனக்காகத்தான் போட்டாரு, புரியுது. ஆனா அம்மா போயிட்டாங்க. இவரும் யாருமில்லைன்னு எழுதி, அதுக்கு முத்திரையும் குத்தி வாங்கிக்கிட்டு, அப்புறம் நான் அந்த மேஜைல உக்காந்து என்ன செய்யப்போறேன்?"

மச்சினன் பேனாவை மூடினான். மூடி சரியாகப் பொருந்தவில்லை. மறுபடி மூடினான்.

படிவத்தில் இருந்த முகவரியைப் பார்த்துவிட்டு, முதலீட்டாளர் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"ஒரு நிமிஷம். அக்கா வீட்டுக்காரர் மூணு ஸ்டாப் தள்ளி இருக்காரு. அவரைத் தன் வீட்டுக்கு வரவைக்க, இவர் சந்தா கட்டினாரா?"

"ஆமா," என்றேன் நான்.

அவர் தன் செருப்பைப் பார்த்தார்.

"எனக்கு ஒரு அண்ணன் இருக்கான்," என்றார். யாரும் கேட்கவில்லை.

"முடிவை ஆறு மணிக்குள்ள மெசேஜ்ல சொல்றோம்," என்றார் பேராசிரியை.

வெளியே தூறல். மூன்று பேரும் படிக்கட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம்.

"சாரி மாமா," என்றாள் மகள்.

"நீ எதுக்கும்மா. நான்தான் யோசிக்காம..." அவன் கையை ஒரு முறை விரித்து மூடினான்.

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்ல, அப்பா?"

"நீ கேக்கலியே."

அவள் முறைத்தாள். அசல் அவள் அம்மாவின் முறைப்பு. அந்த ஊருக்குப் போன பிறகு அவள் என்னை அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பார்த்தது அன்றுதான். பிறகு பையிலிருந்து போனை எடுத்து, அடுத்து எங்கே போக வேண்டும் என்று பார்த்தாள். மச்சினனும் எடுத்தான். நான் இருவருக்கும் நடுவில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அத்தான்," என்றான் மச்சினன். "முப்பத்தஞ்சு நிமிஷம் மிச்சம் இருக்கு."

"எதுல?"

"வந்தீங்கள்ல. ஒரு மணி நேரம்னு போட்டிருக்கு. இருபத்தஞ்சுல எழுந்து வந்துட்டோம்."

என் மகள் தலையை நிமிர்த்தினாள். முதலாளியின் முகம் வந்தது.

"மாமா சொல்றது சரிப்பா. சேவை பாதியில நின்னுருக்கு. நாமதான் முடிச்சுக் கொடுக்கணும்." கொஞ்சம் தயங்கினாள். "ஒருத்தர்தான் வரணும்னு விதில இல்ல. நானும் வரலாமா, மாமா?"

"வீடு ஒதுங்க வைக்கலம்மா."

"வைக்கக் கூடாது. விதி இருக்கு."

ஐந்தாவது மாடி. நாற்காலியில் மருமகளை உட்கார வைத்தான். எனக்குப் பக்கெட். அவன் தரையில். ஒரே கப்பில் மகளுக்குத் தேநீர். எனக்கு அரிசி அளக்கும் டம்ளர். அவனுக்குப் பிளாஸ்க் மூடி. "அம்மா மாதிரியே ஊதி ஊதிக் குடிக்கறா," என்றான் அவன், என்னிடம். "சூடா இருந்தா எல்லாரும் ஊதித்தான் குடிப்பாங்க," என்றேன். மகள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வயிற்றுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. காலையிலிருந்து அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மச்சினன் எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தான்.

மேஜையில் மூன்று போன்கள் குப்புறக் கிடந்தன. நடுவில் இருந்த ஒன்று வண்டு போல உறுமி, அரை வட்டம் சுற்றி நின்றது.

மகளுடையது.

அவள் கை பாதி தூரம் போனது.

"இன்னும் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்மா," என்றான் மச்சினன், அடுப்பிலிருந்து திரும்பாமல்.

கை திரும்பி வந்து மடியில் உட்கார்ந்தது.

"இருக்கட்டும் மாமா. உப்பு கம்மியா போடுங்க, அப்பாவுக்கு ஆகாது."

இது முழுவதும் இங்கே ஊரில், என் வீட்டில் உட்கார்ந்து நான் எழுதியது. எனக்கு விசா கிடைக்கவில்லை. அந்த ஊருக்கு என் மகள் தனியாகத்தான் போனாள்.